தாய்-சேய் பிணைப்புச் சோதனை: போய் வந்த தாயின் மதிப்புரை

மதுரையில் ஒரு குழந்தை வளர்ச்சி மையத்துக்கு 14 மாத மகளோடு போனேன். அறை சுத்தம், பொம்மைகள் நல்லவை. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் வகுத்த முறைதான் அங்கே: சுமார் 20 நிமிடம், நடுவே தாய் இருமுறை வெளியே போய்த் திரும்ப வேண்டும். அப்போது பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பிணைப்பைக் கணிப்பார்கள்.

கதவைச் சாத்தியதுமே பாப்பா வீறிட்டாள். பிள்ளை தாங்காமல் அழுதால் தாய் வெளியே நிற்கும் 3 நிமிடத்தைக் குறைக்க வேண்டும் என்பது முறையிலேயே உண்டு. இங்கே முழுசாகக் காக்க வைத்தார்கள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. திரும்பி வந்து தூக்கியும் அடங்கவில்லை. துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டே என்னைத் தள்ளினாள். அறிக்கையில் ஒரே வரி: 'பாதுகாப்பற்ற பிணைப்பு'. அதாவது, தாயிடம் பிள்ளைக்கு உறுதியான நம்பிக்கை இல்லையாம். இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜப்பானின் சப்போரோவில் இதே சோதனையைச் செய்தபோதும், தாயை அதிகம் பிரிந்தறியாத குழந்தைகள் பலர் இப்படித்தான் அழுதார்கள். இந்தச் சோதனை பற்றி 8 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த 1988 கட்டுரையோ, முடிவுகளில் நாடுகளுக்கு இடையே இருப்பதைவிட ஒரே நாட்டுக்குள்தான் வேறுபாடு அதிகம் என்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் வளரும் விதத்தைக் கேட்க வேண்டாமா? என் மகள் அம்மாச்சி மடியிலும் என் இடுப்பிலுமே வளர்கிறவள். "வீட்டில் பாப்பா யாரோடு இருப்பாள்?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

போகிறவர்கள், அழுதால் உடனே உள்ளே விடுவார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.