மாடித் தொட்டியில் சியாவா, சப்ஜாவா?

ஊறவைத்துக் குடிக்கிற விதையை வீட்டிலேயே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்றால், நான் சப்ஜா பக்கம்தான். சென்னையில் இரண்டையும் மாடியில் வளர்த்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலான தொட்டிகளைச் சப்ஜாவுக்கே கொடுத்துவிட்டேன். சியாவைச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, அதைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

சப்ஜா நம்ம ஊர்த் திருநீற்றுப் பச்சிலையின் விதை. சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இரண்டும் துளசி, புதினா குடும்பம் என்பதால் தண்டு சதுரமாக இருக்கும், இலைகள் எதிரெதிரே வரும், ஒரு பூவுக்கு நான்கு விதை வரை பிடிக்கும். உள்ளங்கையில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சப்ஜா மங்கலான ஒரே கறுப்பு. சியா வழவழப்பாக, சாம்பலும் கறுப்பும் கலந்த கோடுகளோடு இருக்கும், வெள்ளை விதையும் உண்டு. தண்ணீரில் போட்டால் சப்ஜா பத்து நிமிடத்தில் உப்பிவிடும், சியாவுக்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

சத்துக் கணக்கில் சியாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 கிராமில் ஏறத்தாழ 34 கிராம் நார்ச்சத்து, 17 கிராம் புரதம், 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். ஒமேகா 3 கொழுப்பு மட்டும் 17 கிராமுக்கு மேல். ஆனால் நாம் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10, 12 கிராம். அதிலுள்ள ஒமேகா 3 தாவர வகை, மீனில் இருக்கிற வகையாக உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றும். சப்ஜா எண்ணெயிலும் அதே தாவர வகைதான் அதிகம். முட்டை சேர்க்காமல் கேக் செய்கிறவர்களுக்குச் சியாதான் சரி, ஒரு கரண்டி சியாவுக்கு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு ஊறவைத்தால் ஒரு முட்டைக்கு ஈடாகும். ஒன்றே ஒன்று, சியாவை உலர்ந்தபடியே விழுங்கித் தண்ணீர் குடிக்காதீர்கள். அப்படிச் செய்த ஒருவருக்கு உணவுக்குழாய் அடைத்துக்கொண்டதை 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி செடிக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது சியா பூக்கும் காலம்தான்.

சியா குறும்பகல் செடி. பகல் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் பூக்கும். சென்னையில் ஆனி மாதப் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், மார்கழியில் 11 மணி 20 நிமிடம் போல. சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் ஐப்பசி நெருங்கும் வரை அது மொட்டு விடாது. இலை இலையாகத் தழைத்து ஆள் உயரம் வளரும், நாமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் கென்டக்கி போன்ற இடங்களில், பூத்து விதை முற்றுவதற்குள் உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். அதற்காகவே கென்டக்கிப் பல்கலைக்கழகம் முன்கூட்டிப் பூக்கும் ரகங்களை உருவாக்கியது.

நமக்கு உறைபனி இல்லை, மழை இருக்கிறது. சியா பெரிய அளவில் விளையும் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. செடி மழையில் வளர்ந்து, பகல் குறுகும்போது பூத்து, காய்ந்த வானத்தின் கீழ் விதை முற்றும். சென்னையில் கணக்கு தலைகீழ். செடி பூக்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். முற்றிய கதிரில் தண்ணீர் பட்டால் விதை அங்கேயே வழவழவென்று ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில முளைத்தும் விடும். அப்புறம் அதைக் காயவைத்துச் சுத்தம் செய்வது நடக்கிற காரியமில்லை. மழை ஓயும் நேரம் பார்த்துக் கார்த்திகைக் கடைசியில் விதைக்கலாம். ஆனால் குறும்பகலில் முளைக்கிற செடி சின்னதாக இருக்கும்போதே பூத்துவிடும், கதிரும் சிறுத்துப்போகும். ஒரு தொட்டிக்குக் கிடைப்பது சில கரண்டி விதைதான்.

பச்சிலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, வெயிலும் தண்ணீரும் இருந்தால் வருடம் முழுக்கப் பூக்கும். தை மாதம் விதைத்தால் பங்குனி, சித்திரையில் கதிர் காயத் தொடங்கும். மழை இல்லாத நேரம், சப்ஜா தேவைப்படுகிற நேரமும் அதுதான். பழுப்பான கதிர்களை மட்டும் வெட்டி, துணியில் நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி, சல்லடையில் சலித்து முறத்தில் புடைத்தால் போதும். எந்தக் கட்டத்திலும் தண்ணீர் படக்கூடாது. வெட்டின இடத்துக்குக் கீழே மறுபடி துளிர்த்து அடுத்த கதிர் வரும். சியா ஒரு முறை விதை தந்தால் அதோடு காய்ந்துவிடும்.

இலையையும் சேர்த்துப் பாருங்கள். பச்சிலையை மல்லிகைச் சரத்தில் வைத்துக் கட்டலாம், பக்கத்தில் போனாலே மணக்கும். பூத்தால் தேனீ மொய்க்கும், அதனால் பக்கத்துத் தொட்டிக் காய்கறிச் செடிகளிலும் காய் பிடிக்கிறது. சியா இலைக்கு நான் ஒரு உபயோகமும் கண்டதில்லை.

சியாவுக்குச் சாதகமான விஷயமும் உண்டு. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிப்பதால் அடுத்த தலைமுறை மாறாமல் வரும். பச்சிலைக்குப் பக்கத்தில் அதே இனத்து இத்தாலிய பேசில் வைத்திருந்தால் இரண்டும் கலந்துவிடும், விதை எடுக்கிறவர்கள் தள்ளி வையுங்கள். பூச்சித் தொல்லையும் சியாவில் குறைவாகவே பார்த்தேன்.

நிலத்தில் பயிரிட்ட அனுபவம் எனக்கு இல்லை, அதனால் மாடியில் கண்டதை வைத்து விவசாயிகளுக்குச் சொல்ல மாட்டேன். மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அறிமுகப்படுத்திய பிறகு மைசூரு, சாமராஜநகர் பக்கம் சியா வயல் பயிராகவே வந்துவிட்டது. அங்கே கார்த்திகை, மார்கழி நம் கடற்கரையைப் போல நனையாது. அந்தப் பீடபூமியை ஒட்டிய தாளவாடி, ஓசூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமலும் போகலாம்.

கடையில் சியா வாங்கும்போது பழுப்பு விதை நிறையக் கலந்திருந்தால் எடுக்காதீர்கள், அது முற்றாமல் அறுத்தது. மாடிக்கு வேண்டிய பச்சிலை விதைக்கு மளிகைக் கடைச் சப்ஜாவே போதும், நன்றாக முளைக்கும். ஈரமண்ணின் மேல் தூவி, மூடாமல் லேசாக அழுத்திவிடுங்கள்.