குளிர் நிலத்து ஷார்டனே: ஒரு ஷாப்ளி பாட்டில்

மைத்துனர் பிரான்சிலிருந்து வாங்கி வந்த ஷாப்ளி ஒயினைச் சித்திரை மாதத்தில், கோவையில் எங்கள் வீட்டில் திறந்தோம். பர்கண்டி வட்டாரத்தின் வடகோடியில் உள்ள ஓர் ஊரின் பெயரே ஷாப்ளி. அப்பெயரில் வரும் வெள்ளை ஒயின் முழுவதும் ஷார்டனே திராட்சையில் மட்டுமே செய்யப்படுவது.

முதல் மிடறிலேயே நண்பர், "மாங்காயாட்டம் புளிக்குதுங்களே" என்றார். அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கோ அந்தப் புளிப்புதான் இந்த ஒயினின் உயிராகத் தோன்றியது. பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் முன்னே வந்தன. விழுங்கிய பின் மழையில் நனைந்த கல்லின் வாசமும், நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்புத்தன்மையும் நின்றன. வெயில் மிகுந்த நாடுகளில் விளையும் இதே ஷார்டனேயில் அன்னாசியும் பழுத்த மாம்பழமும் மணக்கும். புதிய ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்தால் வனிலா வாசமும் சேரும். இதில் அவை எதுவும் இல்லை.

காய் கனியும்போது சர்க்கரை ஏற ஏற, புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் குறைந்துகொண்டே வரும். வெப்பம் கூடினால் அந்தக் குறைவும் விரைவாகும். கோவை 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஷாப்ளியோ ஏறத்தாழ 48 பாகையில், குளிர்ந்த நிலத்தில் இருப்பதால், அங்கே அமிலம் பெருமளவு பழத்திலேயே தங்கிவிடுகிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் பந்தலில் கொடியேற்றி, கவாத்து செய்து காய்க்க வைக்கும் நம் விவசாயிகளுக்கு, குளிர்காலம் முழுவதும் இலையின்றி உறங்கி ஆண்டுக்கு ஒரே அறுவடை தரும் கொடி வியப்பளிக்கும்.

அந்தக் குளிரே அக்கொடிக்கு எமனும்கூட. ஷார்டனே முந்தித் துளிர்க்கும் வகை என்பதால் ஏப்ரல் உறைபனியில் துளிர்கள் கருகிவிடும்; 2021 ஏப்ரலில் அப்படித்தான் பெருஞ்சேதம் நேர்ந்தது. அதைத் தடுக்க இரவெல்லாம் வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றுகிறார்கள். அல்லது கொடிகள்மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவிடும் வெப்பம், துளிரைப் பூச்சியத்துக்குக் கீழே அதிகம் இறங்கவிடாமல் காக்கிறது.

ஷாப்ளியின் மண் சுண்ணாம்பும் களியும் கலந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் அதில் உள்ளன. கல்வாசம் அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பாறை வேர்வழியே சுவையாக ஏறுவதற்குச் சான்று இல்லை.

பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தது என் தவறு. மிளகாய்க் காரம் ஒயினை வெறும் புளிநீராக்கிவிட்டது. உப்பும் மிளகும் மட்டும் தடவிப் பொரித்த பவானிசாகர் மீனோடு அது மிக நன்றாகப் பொருந்தியது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் எழவில்லை. கால் மணி நேரம் வெளியே வைத்த பிறகே எலுமிச்சை வாசம் தெளிந்தது.