பெரியப்பாவின் பென்ஷனும் அக்கா மகனின் சேவா நிதியும்

கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களில் என் அக்கா மகனும் ஒருவன், அக்னிவீராக, அதாவது நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கும் ராணுவ வீரனாகச் சேர ஆசை. எங்கள் பெரியப்பா 17 வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சரி, இரண்டு வழியையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

வழக்கமான சிப்பாய்க்கு ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் 21,700, ராணுவப் பணி ஊதியம் 5,200, அதற்கு மேல் அகவிலைப்படி. அக்னிவீருக்கு முதல் வருஷம் மாதம் 30,000, நாலாம் வருஷம் 40,000, அகவிலைப்படி கிடையாது. 30 சதவீதம் சேவா நிதிக்கு, அதாவது நாலு வருஷ முடிவில் மொத்தமாகத் தரும் தொகைக்குப் பிடித்துக்கொள்வதால் முதல் வருஷம் கையில் 21,000தான். பிடித்த அளவு அரசும் போடுகிறது, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லை.

அக்னிவீருக்குப் பென்ஷன் கிடையாது, இந்தத் தொகை மட்டும்தான். பெரிதாகத் தெரியும். அதை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 6,800 வரும், விலைவாசி ஏறினாலும் அதேதான். சிப்பாயின் பென்ஷனோ ஆரம்பச் சம்பளத்தில் பாதி என்று வைத்தால்கூட 13,450, அதோடு அகவிலை நிவாரணம், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டப்படி பென்ஷன் திருத்தம், மருத்துவத் திட்டம், கேன்டீன்.

அரசின் சிரமமும் உண்மைதான். 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 5.25 லட்சம் கோடியில் பென்ஷனுக்கே 1.19 லட்சம் கோடி போனது. அதனால் நாலு வருஷப் பணியைக்கூட ஏற்றுக்கொள்வேன்.

ஏற்க முடியாதது ஒன்றுதான். பணியில் அக்னிவீர் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, குடும்ப ஓய்வூதியம் இல்லை. அதே எல்லையில் பக்கத்தில் நின்ற வழக்கமான சிப்பாய் இறந்தால் காப்பீடு, கருணைத்தொகையோடு குடும்பத்துக்கு மாதா மாதம் ஓய்வூதியமும் உண்டு. அந்த நாலு வருஷம் கல்யாணமும் கூடாது என்பதால், அக்னிவீர் போனால் தவிப்பது பெற்றோர். மொத்தமாக வரும் பணம் கடனுக்கும் வீட்டுக்கும் கரைந்த பிறகு என் அக்காவைப் போன்றவர்களுக்கு மாதம் என்ன வரும்? சம்பள முறையை எப்படி வேண்டுமானாலும் மாற்றட்டும், இறந்தவர் குடும்பத்துக்கும் ஊனமுற்றவருக்கும் இரண்டு கணக்கு வேண்டாம்.

நாலு வருஷம் முடிந்து நிரந்தரமாவது 25 சதவீதம் பேர் வரைதான். பையனிடம் ஓடாதே என்று சொல்லவில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் சேருடா என்றேன்.