கோடிட்ட இடம் – ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு 3 ஆண்டுகள்

முதுகு பிய்ந்து நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிட்ட என் ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகத்துக்குப் போன வாரம் மறுபடி பைண்டிங் போட்டேன். அதைப் பார்த்த நண்பர், "அடிப்படையிலிருந்து ஒருமுறை படிக்கணும். இதை வாங்கலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

விளக்கம், பயிற்சி, பின்னால் விடை என்ற அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'டூ', 'டஸ்', 'டிட்' போட்டுக் கேள்வி கேட்பதும், 'ஷீ' வந்தால் வினையில் 'எஸ்' ஒட்டுவதும் சில வாரத்தில் கைவந்துவிடும். காலங்கள் பகுதி அருமை. "நேற்றே சொல்லியிருக்கிறேனே" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் 'ஐ ஹேவ் டோல்ட் யூ எஸ்டர்டே' என்று பல வருடம் எழுதிக்கொண்டிருந்தேன். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஐ டோல்ட் யூ' என்றுதான் வரவேண்டும் என்பதை இந்தப் புத்தகம் ஒரே ஒரு காலக்கோட்டுப் படத்தில் புரியவைத்தது. அதற்காக இதற்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஆர்ட்டிகிள் பகுதியை, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'ஆன்', 'தி' பற்றிய பகுதியைத் திறந்தால் இன்றும் கோபம் வருகிறது.

'ஆன்' எங்கே வரும் என்பதற்கே இரண்டு முழுப் பக்கம். ஓர் ஊர், ஒரு மரம் என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதா? எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள், அதனால்தான் 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்), 'ஏ யூனிவர்சிட்டி' என்று ஒரு வரி சொன்னால் போதும். உண்மையில் கஷ்டமான 'தி'க்கு அரைப் பக்கம். அதன் பயிற்சிகள் எல்லாமே 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. கோடு போட்டிருந்தாலே அங்கே ஒன்று வரவேண்டும் என்று தெரிந்துவிடுகிறதே! மூன்றில் எது என்று தேர்ந்தால் வேலை முடிந்தது. எனக்கோ எழுதும்போது அங்கே ஒரு சொல் வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. ஒன்றுமே வராத இடங்களுக்கும் நடுநடுவே கோடு போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பேன். அந்தப் பகுதியை ஒரு பிழைகூட இல்லாமல் முடித்த அதே வாரம் நான் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தில் 9 இடத்தில் 'தி' விட்டுப்போயிருந்தது. திருத்தியவர் ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். அன்று மனசு விட்டுப்போனது.

பிறகு எனக்கு வழி காட்டியது தமிழேதான். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். ஆங்கிலத்தில் 'ஏ புக்'. "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம், 'தி புக்'. இரண்டாம் வேற்றுமை 'ஐ' இவ்வளவு நாளாக 'தி'யின் வேலையில் பாதியைச் செய்துகொண்டிருந்திருக்கிறது! எழுவாயில் 'ஐ' வராது என்பதால் இது எல்லா இடத்துக்கும் உதவாது. ஆனாலும் என் பிழைகள் பாதிக்கு மேல் குறைந்தன. நம் மொழியிலிருந்து தொடங்கும் இப்படி ஒரு விளக்கம் இந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிய புத்தகம், அதில் இதை எதிர்பார்க்கக் கூடாது என்பது நியாயம்தான். கோடுகளுக்கு அந்த நியாயமும் கிடையாது.

5க்கு 2 கொடுப்பேன். காலங்களுக்கு மட்டும் என்றால் 5.

நண்பருக்குச் சொன்னது: வாங்க வேண்டாம், என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகிள் பயிற்சிகளிலிருந்து 40 வாக்கியங்களைக் கோடுகள் இல்லாமல் தாளில் எழுதி, பின் அட்டைக்குள் செருகியிருக்கிறேன். முதலில் அதைச் செய்யுங்கள், விடைப்பக்கத்தை அப்புறம் திறக்கலாம்.