ஏ3 தாள், இன்-பாஸ்கெட், மீள்திறன் கேள்வித்தாள்: பல வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஓசூர் பக்கம் ஒரு நடுத்தர ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அப்ரைசல் படிவத்தில் பிரச்சினை தீர்க்கும் திறன், தொலைநோக்குச் சிந்தனை, மீள்திறன் (அடி விழுந்தாலும் மீண்டு எழுவது) என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஐந்துக்கு இவ்வளவு என்று போட்டு அனுப்புவதுதான் வழக்கம். எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே மார்க்காக இருக்கும். ஆளைப் பிடித்துவிட்டால் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராகத் தெரிவார். 1920-லேயே தார்ன்டைக் என்ற உளவியலாளர் ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டு எழுதிய சங்கதிதான் இது. அதனால் மூன்றுக்கும் தனித்தனி வழி வைத்தோம்.

முதலில், பிரச்சினை தீர்க்கும் திறனுக்கு ஏ3 தாள். டொயோட்டாவிலிருந்து பரவிய பழக்கம். பிரச்சினை, இப்போதைய நிலை, காரணம், செய்யப்போவது, செய்தபின் பார்த்த பலன் எல்லாம் 297-க்கு 420 மில்லிமீட்டர் தாளின் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். ஒருமுறை சிஎன்சி லேத்தில் (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) போர், அதாவது துளையின் அளவு தப்பி ரிஜெக்‌ஷன் ஏறியது. இன்ஜினியர் ஒருவர் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி கொடுக்கப்பட்டது’ என்று கச்சிதமாக எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமும் அதே ரிஜெக்‌ஷன். அப்புறம் டிப்ளமோ படித்த ஒரு லைன் சூப்பர்வைசர், தப்பிய பீஸ்களை மணிவாரியாகப் பிரித்து எழுதினார். சாப்பாட்டு இடைவேளை முடிந்து முதலில் வரும் பீஸ்களில்தான் கோளாறு! மெஷின் நிற்கும்போது ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டு ஆறிவிடுகிறது. மறுபடி சூடேறி நிலைக்கும்வரை அளவு நகர்கிறது. இடைவேளை முடியும் முன்பே மெஷினைச் சும்மா சுழலவிட்டதும் சரியாகிவிட்டது. அவர் தாளில் அடித்தல் திருத்தல் ஏராளம். பழைய படிவமாக இருந்தால் இன்ஜினியருக்கு நாலு, இவருக்கு மூன்று விழுந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆடிட் வருகிறது என்றால் ஒரே ராத்திரியில் பழைய தேதி போட்டு ஏ3 தயாராகிவிடும். பென்சிலில்தான் எழுத வேண்டும், மெஷின் பக்கத்தில் நின்றுதான் விளக்க வேண்டும் என்று வைத்த பிறகு இது குறைந்தது.

தொலைநோக்குக்கு இன்-பாஸ்கெட் பயிற்சி. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1956-ல் தொடங்கிய மேலாளர் ஆய்விலேயே இடம்பெற்ற பழைய முறை. ஒரு கட்டு மெயில்களும் கடிதங்களும் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்கச் சொல்வோம். பெரும்பாலானோர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவார்கள். சிலர்தான் முதலில் எல்லாவற்றையும் படிப்பார்கள். அவசர ஆர்டர் கேட்கும் மெயில் மேலேயே இருக்கும். அதே வாரம் ஃபர்னஸ் பராமரிப்புக்காக நிற்கப்போகிறது என்ற தகவல் அடியில் கிடக்கும். இரண்டையும் கோர்த்து, கஸ்டமரிடம் பாதி அளவுக்கு ஒப்புக்கொண்டு மீதிக்குத் தேதி கேட்டவரை நம்பித் திட்டமிடல் பிரிவைக் கொடுத்தோம். இன்றும் நன்றாகத்தான் நடத்துகிறார். ஒரே கட்டு மெயில்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கேன்டீனிலேயே விடை கிடைத்துவிடும், அது மட்டும் கவனம்.

மீள்திறனுக்குத்தான் சரியான கருவி அமையவில்லை. 2008-ல் வெளியான ஆறு கேள்விச் சுருக்க அளவுகோலைத் தமிழாக்கிக் கொடுத்தோம். அதில் மூன்று கேள்விகள் நேராகவும் மூன்று தலைகீழாகவும் இருக்கும். பெயர் போட்டு, இன்கிரிமென்ட் நேரத்தில் கொடுத்ததும் என்ன ஆயிற்று? ‘அடி விழுந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவேன்’ என்பதற்கும் ஆமாம், ‘எழுவது கஷ்டம்’ என்பதற்கும் ஆமாம். ஆமாம் போட்டால் மார்க் வரும் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம். பெயரில்லாமல், அப்ரைசலோடு சேர்க்காமல் கொடுத்தபோது பதில்கள் நம்பும்படி இருந்தன. ஒரு குறிப்பிட்ட ஷிப்டில் மட்டும் எல்லாருமே தளர்ந்திருந்தார்கள். அங்கே ஆள் பற்றாக்குறையால் தொடர்ந்து டபுள் ஷிப்ட். ஆள் போட்டதும் அந்த ஷிப்டின் லீவு குறைந்தது. ஆறு நாள் இரவு வேலை பார்த்தவரிடம் மீள்திறனை அளப்பது என்ன நியாயம் என்று யூனியன் பிரதிநிதி கேட்டார். எனக்கும் அதே கருத்துதான். தனிநபர் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். கேள்வித்தாளை ஷிப்ட் வாரியாக மட்டும் பார்க்கிறோம்.

செயல்பாடு ஒரு பக்கம், வளரும் வாய்ப்பு இன்னொரு பக்கம் என்று போடும் ஒன்பது கட்ட அட்டவணையும் கொஞ்ச நாள் இருந்தது. இங்கிலீஷில் சரளமாகப் பேசுபவர்கள் எல்லாரும் மேல் வரிசைக்குப் போனார்கள். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

செலவு என்று பார்த்தால் ஏ3-க்குத் தாள் காசுதான். இன்-பாஸ்கெட் தயாரிக்கத் தொழிற்சாலையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவரின் நேரம் வேண்டும். இப்போது மூன்றையும் ஒரே ஆன்லைன் தேர்வில் அளந்து தருவதாகச் சொல்லி விற்க வருகிறார்கள். டெமோவில் ஒன்று கேளுங்கள்: பதிலளித்தவரின் மார்க்கை மட்டும் காட்டுமா, அவர் எப்படி யோசித்தார் என்பதையும் காட்டுமா? மார்க் மட்டும்தான் என்றால் பழைய ஐந்துக்கு இவ்வளவே போதும், அதற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.