2 இன்ச் பைப்பை 50.8 மிமீ என்று வரைந்து கொடுத்து என்னிடம் முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்

பைப் வேலைக்கு 3டி மாடல் போட்டுத் தரும் ஆளை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் பணம் வாங்கியவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எப்படி ஏமாற்றினார், நான் எந்த இடத்தில் கவனிக்கத் தவறினேன் என்பதை மட்டும் முழுவதுமாக எழுதுகிறேன். இதே மாதிரி வேலை செய்து கொடுப்பவர்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கூலிங் வாட்டர் ஸ்கிட். ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு பம்ப், ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், வால்வுகள், இவற்றை இணைக்கும் 2 இன்ச் ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைச் சொல்லும் எண்) கார்பன் ஸ்டீல் பைப். பிரஷர் கேஜுகளுக்கும் ஏர் லைனுக்கும் 12 மிமீ ஸ்டெயின்லெஸ் டியூப். டியூபை மெஷினில் வளைத்துப் போட வேண்டும். நான் கேட்டது மூன்றுதான். பிற்பாடு நானே திருத்திக்கொள்ளும்படியான மாடல், பைப்பை வெட்டுவதற்கான நீளப் பட்டியல், டியூபை வளைப்பதற்கான அளவுப் பட்டியல். மூன்றையும் தருகிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அவர் காட்டிய பழைய வேலைகளின் படங்கள் கண்ணைப் பறித்தன. பளபளக்கும் பைப்புகள், நிழல் விழும் தரை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் டியூபுகள். அந்த வளைவுகளைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சொன்ன நாளில் வேலை முடிந்தது. சுழன்று சுழன்று ஸ்கிட்டைக் காட்டும் ஒரு வீடியோவும் பிடிஎஃப் வரைபடங்களும் வந்தன. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்தது. மீதிப் பணத்தைப் போட்டால் மாடல் கோப்பை அனுப்புகிறேன் என்றார். போட்டேன். வந்தது ஒரே ஒரு ஸ்டெப் ஃபைல் (பெரும்பாலான 3டி மென்பொருள்கள் திறக்கும் பொதுக் கோப்பு வடிவம்). திறந்து பார்த்தால் மொத்த ஸ்கிட்டும் ஒட்டிப்போன ஒற்றைக் கட்டி. ஸ்டெப் வடிவத்தில் உருவம் மட்டும்தான் வரும். எந்த ஸ்கெட்ச், எந்த அளவு, எந்த வரிசையில் வரைந்தார் என்ற எதுவும் அதில் வராது. சரி, அவர் வரைந்த மூலக் கோப்பைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வேலை நிற்க வேண்டாம் என்று, பிடிஎஃப்போடு வந்திருந்த நீளப் பட்டியலை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன்.

9 துண்டுகள் வெட்டிய பிறகு ஃபோன் வந்தது. பட்டியலில் இருந்தபடி வாங்கி வைத்த கிளாம்ப் எதுவும் பைப்பில் ஏறவில்லை. நேரில் போனேன். ஃபோன் செய்தவர் பல வருஷம் பைப் வேலை பார்த்த வெல்டர். வெர்னியர் அளவுகோலை பைப்பின் மேல் வைத்துக் காட்டினார். "தம்பி, 2 இன்ச் பைப்புன்னா வெளியே 60 இருக்கும். இந்தத் தாள்ல 50.8-னு போட்டிருக்கு. இதை வரைஞ்சவர் பைப்பைக் கையில தொட்டதே இல்லை" என்றார்.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பைப் வேறு, டியூப் வேறு. டியூபுக்குச் சொல்லும் அளவு அதன் உண்மையான வெளிவிட்டம். 2 இன்ச் டியூப் என்றால் வெளியே 50.8 மிமீ, 12 மிமீ டியூப் என்றால் வெளியே 12 மிமீ. பைப்புக்குச் சொல்லும் அளவு வெறும் பெயர். அந்தக் காலத்து இரும்புப் பைப்பில், அப்போதிருந்த சுவர்த் தடிமனுக்கு, 2 இன்ச் என்பது ஏறக்குறைய உள்விட்டத்தைக் குறித்தது. பிற்பாடு சுவர் மெலிந்தபோதும், தடித்த பைப்புகள் வந்தபோதும், இணைப்புத் துண்டுகளான ஃபிட்டிங்குகள் பொருந்த வேண்டும் என்பதற்காக வெளிவிட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். அதனால் ஏஎஸ்எம்இ பி36.10எம் என்ற பைப் அளவுத் தர அட்டவணையில் 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மிமீ. ஷெட்யூல் 40 என்றால் சுவர் 3.91 மிமீ, ஷெட்யூல் 80 என்றால் 5.54 மிமீ. ஷெட்யூல் எது மாறினாலும் வெளியே 60.3 மாறாது. 1 இன்ச் பைப்புக்கு 33.4, 4 இன்ச் பைப்புக்கு 114.3. 14 இன்ச்சும் அதற்கு மேலும் போனால்தான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகும். பைப் வேலை பார்க்கிற எவரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. என்னிடம் பணம் வாங்கியவர் 2-ஐ 25.4-ஆல் பெருக்கி வட்டம் போட்டிருக்கிறார்.

அன்று இரவு அந்த ஸ்டெப் ஃபைலை முதல் தடவையாகக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். பணம் போடுவதற்கு முன்பே கோப்பைத் திரையில் திறந்து இதைச் செய்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். பைப் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையங்களான ஃபிளாஞ்சுகளை எங்கிருந்தோ தரவிறக்கி வைத்திருக்கிறார். அவை சரியான அளவில்தான் இருந்தன. அதனால் ஃபிளாஞ்ச் துளைக்கும் பைப்புக்கும் நடுவே சுற்றிலும் 5 மிமீக்கு மேல் காற்றுதான் இருந்தது. வீடியோவில் அது தெரியாதபடி கேமரா தூரத்திலேயே சுற்றியது. அதைவிட மோசம், பைப்புக்குள் ஓட்டையே இல்லை. எல்லாமே கெட்டியான உருளைகள். 2 இன்ச் ஷெட்யூல் 40 பைப் ஒரு மீட்டர் 5.44 கிலோ. அவர் வரைந்த 50.8 மிமீ கெட்டி உருளை ஒரு மீட்டர் 15.9 கிலோ வரும். அந்த எடையை வைத்துத்தான் தாங்கு சட்டத்துக்கான கணக்கும் போட்டிருந்தார். ஒரு பைப்பைத் தேர்ந்தெடுத்து எடையைக் காட்டு என்று மென்பொருளிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போ விஷயத்தில்தான் நஷ்டம் அதிகம். கடையில் கிடைக்கும் 2 இன்ச் லாங் ரேடியஸ் 90 டிகிரி எல்போவில் மையத்திலிருந்து முனைக்கு 76 மிமீ. பெயரளவைப் போல ஒன்றரை மடங்கு, அதுதான் கணக்கு. அவர் எல்போவையே வைக்கவில்லை. மையக்கோட்டின் மூலையை 100 மிமீ ஆரத்தில் உருட்டி, அதன் மேல் வட்டத்தை ஸ்வீப் செய்துவிட்டார் (அந்தக் கோடு நெடுக வட்டத்தை இழுத்து உருவமாக்குவது). 100 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பார்க்க நன்றாக இருந்தது என்று பதில் வந்தது. நீளப் பட்டியல் அந்த 100-ஐ வைத்து உருவானது. அதனால் எல்போ வரும் ஒவ்வொரு முனையிலும் நேர் பைப் 24 மிமீ குட்டை. இரண்டு பக்கமும் எல்போ என்றால் 48 மிமீ. வெல்டுக்கு விடும் இடைவெளியில் சில மில்லிமீட்டர் சமாளிக்கலாம், 48-ஐச் சமாளிக்க முடியாது. நீளமாக வெட்டியிருந்தால் அறுத்துக் குறைக்கலாம். குட்டையாக வெட்டிய பைப்புக்கு நடுவில் இன்னொரு துண்டு வைத்து வெல்ட் போட்டால் கசிய இன்னொரு இடம் கூடும். அதை நான் விரும்பவில்லை. 9 துண்டும் வீண். ஃபிளாஞ்ச் ஜோடிகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் தடிமனையும் விடவில்லை. வரிசையாக 4 ஜோடி வரும் லைனில், 3 மிமீ கேஸ்கெட்டுக்கே 12 மிமீ தள்ளிப்போயிருக்கும்.

இனி டியூப். முதலில் சொன்ன பாம்பு வளைவுகள் இங்கேதான் வருகின்றன.

டியூப் வளைக்கும் மெஷினில், டியூபைச் சுற்றி வளைக்கும் அச்சாக ஒரு டை இருக்கும். அதன் ஆரம் மாறாது. டியூப் அந்த ஆரத்தில் வளையும், பிறகு நேராகப் போகும், சுழலும், மறுபடி அதே ஆரத்தில் வளையும். ஆகவே வளைக்கக்கூடிய டியூபின் மையக்கோட்டில் நேர்கோடுகளும் டையின் ஆரத்தில் வட்டவில்களும் மட்டும்தான் இருக்க முடியும். இவர் மையக்கோடு முழுவதையும் ஸ்ப்லைன் என்ற நெளிகோட்டில் இழுத்திருந்தார். ஸ்ப்லைனில் வளைவு ஒவ்வொரு புள்ளியிலும் மாறிக்கொண்டே போகும். திரையில் அழகாக ஓடும், அந்த மெஷினில் ஏறாது. டியூப் வளைப்பவர் என்னிடம் கேட்டது எளிமையான மூன்று எண்கள். எவ்வளவு தூரம் தள்ளுவது, எவ்வளவு சுழற்றுவது, எத்தனை டிகிரி வளைப்பது. ஒவ்வொரு வளைவுக்கும் இந்த மூன்று. இந்த மூன்றும் ஸ்ப்லைனிலிருந்து வராது. அதனால்தான் வளைப்புப் பட்டியல் எனக்கு வரவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவரால் அதைத் தந்திருக்கவே முடியாது.

ஸ்ப்லைன் இல்லாமல் வரைந்த சில டியூபுகளும் தேறவில்லை. 12 மிமீ டியூபுக்கு மையக்கோட்டு ஆரமும் 12 மிமீ வைத்திருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவின் வெளிவிளிம்பு 18 மிமீ ஆரத்தில் போகிறது. அப்படியென்றால் வெளிச்சுவர் ஒன்றரை மடங்கு இழுபட வேண்டும். வளைப்பவரிடம் இருந்த டை 36 மிமீ. ஆரம் 12-லிருந்து 36-க்கு மாறினால் ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் வெட்ட வேண்டிய நீளம் 10 மிமீ போல மாறும். அது மட்டுமில்லை, இரண்டு வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் 8 மிமீ நேர்ப்பகுதிதான் விட்டிருந்தார். மெஷினின் கிளாம்ப் டியூபைப் பிடிக்க வெளிவிட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவது நேராக வேண்டும். பிடிக்க இடமில்லாமல் எதை வளைப்பது?

இதையெல்லாம் படங்களோடு எழுதி அனுப்பினேன். நீங்கள் கேட்ட மாதிரியே தோற்றம் இருக்கிறதே என்று பதில் வந்தது. மூலக் கோப்பைக் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணமாம். எழுத்தில் ஒப்புக்கொண்டதை எடுத்துக் காட்டியதும் பதில் நின்றுபோனது. இதுவரை ஒரு பைசா திரும்பி வரவில்லை. தெரியாமல் தப்பாக வரைந்தார் என்றால்கூட நான் மன்னித்திருப்பேன். தராத பொருளுக்குப் பணம் வாங்கிவிட்டு, அதையே கேட்டால் இன்னொரு தடவை விலை சொல்வதை மன்னிக்க முடியவில்லை.

மென்பொருள் மேல் பழி போட வேண்டாம். சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் போன்ற 3டி மென்பொருள்களில் பைப், டியூபுக்கென்றே தனி வசதி இருக்கிறது. எல்போவும் ஃபிளாஞ்சும் அட்டவணைப்படி தானாக வந்து உட்காரும், நீளப் பட்டியலும் அதிலிருந்தே வரும். அந்த வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இலவச மென்பொருளான ஃப்ரீகேடில் நேர்கோடுகளால் ஒரு பாதை வரைந்து, மூலைகளுக்குச் சரியான ஆரம் கொடுத்து, வெளிவிட்டமும் உள்விட்டமும் உள்ள வளையத்தை அதன் மேல் ஸ்வீப் செய்தால் நல்ல மாடல் கிடைக்கும். கையில் அட்டவணை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால், படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேசும்போதே 2 இன்ச் பைப்புக்கு வெளிவிட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். 60.3 என்று உடனே வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டியூப் இருந்தால், எந்த டை ஆரத்துக்கு வரையட்டும் என்று அவராக உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். வேலை தெரிந்தவர் அதைக் கேட்காமல் தொடங்கவே மாட்டார். கடைசித் தவணைக்கு முன், திரையைப் பகிரச் சொல்லி மூலக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பைப்பின் அளவை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், குறுக்கே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஸ்டெப் ஃபைலோடு மாட்டிக்கொண்டவர்கள் மனம் தளர வேண்டாம். ஸ்ப்லைன் இல்லாத பகுதிகளில் ஒவ்வொரு உருளையின் அச்சையும் எடுத்து, அவை சந்திக்கும் புள்ளிகளைக் குறித்தால் மையக்கோடு திரும்பக் கிடைத்துவிடும். என் ஸ்கிட்டில் பாதி லைனை அப்படித்தான் மீட்டேன், மீதியை முதலிலிருந்து நானே வரைந்தேன். வளைப்பவர் என் கூடவே உட்கார்ந்து ஆரங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

என்னிடம் பணம் வாங்கியவரின் பழைய படங்களில் ஒன்று, மென்பொருளோடு இலவசமாக வரும் மாதிரிக் கோப்பின் படம் என்பதை அந்தச் சமயத்தில்தான் கண்டுபிடித்தேன். இப்போது அந்த வரிசையில் என் ஸ்கிட்டின் படமும் இருக்கிறது. நீலச் சட்டம், இரண்டு பம்ப், நடுவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர். எங்காவது அதைப் பார்த்தால் ஃபிளாஞ்சுகளின் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். பைப்பைச் சுற்றி அந்த 5 மிமீ இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது.