காம்ப்ரியா பைன் காட்டில் நான்கு நாள்: பெரியவர்களுக்கான இம்ப்ரோவ் கேம்ப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாவது இம்ப்ரோவ் ஆடியவர் என்றால் தயங்காமல் போய் வாருங்கள். இப்போதுதான் வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், காரணம் பின்னால் வருகிறது. கேம்ப்பின் பெயரை எழுதவில்லை. நடத்துகிறவர்களில் பாதிப் பேர் தன்னார்வலர்கள், எனக்குப் பட்ட குறைகளை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன்.

இம்ப்ரோவ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கையில் ஸ்கிரிப்ட் கிடையாது, பார்ப்பவர்களிடம் ஒரு சொல்லைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து அந்த நிமிடமே நாடகத்தைக் கட்டி ஆடுவது.

காம்ப்ரியா கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கடலோர ஊர், சான் ஹோசேயிலிருந்து கிளம்பினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 101-ஆம் நெடுஞ்சாலையில் நேராக வந்து, பாஸோ ரோப்லஸ் ஊர்ப் பக்கம் 46-ஆம் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். வெயில் காய்கிற குன்றுகளைத் தாண்டி இறங்கும்போதே கடல் மூடுபனி ஆரம்பித்துவிடும். ஜூன் மாதம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போகாதீர்கள். காலை பத்து மணிவரை ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியவில்லை, ராத்திரிக்கு நல்ல ஸ்லீப்பிங் பேக் கட்டாயம். ஆனால் அந்த மான்டரே பைன் காடு! இந்த மரம் கலிஃபோர்னியாக் கரையில் தானாக வளர்கிற இடங்களே மொத்தம் மூன்று, அதில் காம்ப்ரியா ஒன்று. வகுப்புகளில் பாதி அந்த மரங்களுக்கு அடியில்தான்.

தங்குவது எட்டுப் பேர் கேபின், இரண்டடுக்குக் கட்டில். சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்தும் முதல் இரண்டு வேளை எனக்கு சாலடும் ரொட்டியும்தான். சமையலறைக்குப் போய் நேரில் பேசினேன், அப்புறம் கடைசி நாள்வரை பீன்ஸ், பருப்பு சூப் என்று வயிறு நிறையப் போட்டார்கள். அதனால் சைவக்காரர்கள் போய் இறங்கிய உடனே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தூக்கம்தான் பெரிய பிரச்சினை. கேம்ப்ஃபயர் முடிந்தும் இரண்டு மணிவரை பாட்டும் பேச்சும் ஓடும், அமைதி வேண்டும் என்பவர்களுக்குத் தனிக் கேபின் ஒன்றாவது ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொரு குறை, இது கொஞ்சம் மனதை உறுத்தியது. பாட்டு இம்ப்ரோவ் வகுப்பில் பத்து வருடம் ஆடியவர்களையும் மூன்று மாதமே வகுப்புக்குப் போனவர்களையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். தேறியவர்கள் வரிக்கு வரி எதுகை போட்டுப் பாட, புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு மணி நேரமும் சுவரோரம் நின்றுவிட்டுப் போனான். ஆசிரியர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு வருடம் கழித்துப் போங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சரி, எதற்காகத் திரும்பவும் போவேன் என்று சொல்கிறேன். நான் ஆடுவது ஆங்கிலத்தில். நினைப்பது தமிழில். நான்கு வருடமாக மேடையில் எனக்குள்ள பயம் ஒன்றுதான்: சொல் வந்து சேர்வதற்குள் சீன் என்னைத் தாண்டிப் போய்விடும். அதனால் வேகமாகப் பேசுவேன், எதிரில் இருப்பவர் முடிப்பதற்குள் அடுத்த வரியைத் தயார் செய்துவிடுவேன். இரண்டாம் நாள் காலை வகுப்பில் ஜிபரிஷ் பயிற்சி. இருவரும் பொருளில்லாத ஒரு மொழியில்தான் பேச வேண்டும். எனக்கு ஜோடி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு நர்ஸ், ஆரிகானிலிருந்து வந்தவர். இரண்டு வரி உளறினேன், மூன்றாவது வரி தானாகவே தமிழாக வந்துவிட்டது: "சாவியை எங்க வெச்சீங்க?" ஆசிரியர் நிறுத்துவார் என்று பார்த்தேன், தொடரச் சொல்லிக் கையசைத்தார்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். என் நீட்டிய கையைப் பார்த்தார். இல்லாத ஒரு ஏப்ரன் பைக்குள் கைவிட்டுத் துழாவி, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அப்புறம் ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் புரிந்தது, நான் கேட்டது சாவி, அவர் கொடுத்தது மாத்திரை. வாயில் போட்டு விழுங்கினேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் மூச்சுக்கூட விடவில்லை. அதில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் ஆடிய எந்த சீனையும் யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் வயோலா ஸ்போலின் கதையைச் சொன்னார். ஸ்போலின் இந்த மாதிரி விளையாட்டுகளை 1930-களின் கடைசியில் சிகாகோவில் உருவாக்கியது, பல நாடுகளிலிருந்து குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோதுதான். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் சிகாகோவில் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அங்கிருந்துதான் இது அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆக, இந்தக் கலையின் வேரிலேயே என்னைப் போல வேறொரு மொழியோடு வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நான்கு வருடம் வகுப்புக்குப் போயும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி கேம்ப்ஃபயரில் ஊர்க் கதை கேட்டார்கள். நான் நாகர்கோவில் பக்கம். அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது கதையை நடத்திப் பாடும் அண்ணாவி ஒரு வரி சொல்ல, குடம் அடிப்பவரும் ஜால்ரா போடுபவரும் "ஆமா" என்று வாங்கிக்கொள்வதைச் சொன்னேன். இம்ப்ரோவின் முதல் பாடமும் அதுதான், எதிரில் இருப்பவர் கொடுத்ததை ஆமாம் என்று ஏற்று அதன் மேல் ஒன்றை வைப்பது. உடனே ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. முப்பது பேர் நெருப்பைச் சுற்றி "ஆமா, ஆமா" என்று வாங்க, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எனக் கதை ஒரு மணி நேரம் நகர்ந்தது. கடைசி ராத்திரி ஷோவின் தொடக்கமே அந்த "ஆமா"தான்.

திரும்பும் நாளன்று அவசரமாகக் கிளம்பாதீர்கள். 1-ஆம் நெடுஞ்சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் பியெட்ராஸ் பிளாங்காஸ் கடற்கரை, யானை சீல்கள் என்கிற பெரிய கடல் விலங்குகள் பழைய தோலை உதிர்க்கக் கரையேறிப் படுத்திருக்கும். நானும் அந்த நர்ஸ் அம்மாவும் காரை நிறுத்தி அரை மணி நேரம் பார்த்தோம். சாவிக்குத் தமிழில் என்ன என்று கேட்டார், சொன்னேன். மணல்மேட்டைத் தாண்டி நடந்து வரும்வரை சாவி, சாவி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.